நேர்முகத் தேர்வில் எழுந்து போனவர்

என் வீட்டுக்காரருக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. வண்டி ஓட்டுவதில்லை, டிக்கெட் கிழிப்பதில்லை. 'விசாரணை' என்று எழுதிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார். கேட்கிற கேள்விக்கு என்று சொல்வதே தப்பு. அவர் எங்கே யாரைக் கேட்கவிட்டார்? ஆள் வந்து நின்று "சார், இந்த..." என்று இழுப்பதற்குள் "நாலாவது நடைமேடை, பச்சை வண்டி, கிளம்பப் போகுது, ஓடுங்க" என்பார். பெட்டியின் கனத்தைப் பார்த்தே போகிற ஊரைச் சொல்வார். கையில் எக்ஸ்ரே உறை இருந்தால் ஆஸ்பத்திரி வண்டி, மீசை அரும்பிய பையன் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தால் கல்லூரி வண்டி. அவர் சொல்லித் தப்பாய்ப் போனது எனக்குத் தெரிந்து ஒன்றோ இரண்டோ. டிரைவர்கள் எல்லாரும் அவரை 'என்கொயரி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வைத்திருக்கும் பெயர் முந்திரிக்கொட்டை.

வெளியில் பார்க்கிறவர்களுக்கு அது திறமை. அதோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். ஒருநாள் சாயங்காலம் வந்து, "ஏங்க, இன்னைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு..." என்று ஆரம்பித்தேன். "திட்டினானா? அவன் மூஞ்சியப் பார்த்தப்பவே நினைச்சேன். நீ ஒண்ணும் கவலைப்படாத, இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எப்படிப் பேசணும்னா..." என்று பிடித்துக்கொண்டார். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. நான் தைத்த மடிப்புத்தான் கடையிலேயே நேராக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த நல்ல வார்த்தை என் தொண்டையிலேயே நின்று செத்துப்போனது. இன்றுவரை அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் ஒரு சிரமமும் வரக்கூடாது என்று நினைப்பவர். வாயைத் திறந்து கேட்கிற சிரமம்கூட வரக்கூடாது என்று நினைப்பார், அதுதான் தொல்லை.

எங்களுக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும். பேச்சு குறைவு. இந்த வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அவளுக்குப் பசிக்கிறது என்பதை அவளுக்கு முன்னால் அப்பா சொல்லிவிடுவார். அவளுக்குப் பிடித்த நிறம், பிடிக்காத டீச்சர், எல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் ஒரு வெளிநாட்டு மொழி படிக்கிறேன் என்று தானாகவே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் அந்த மொழி என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது எல்லாம் அந்த பாஷையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அப்புறம்தான் அந்த உதவித்தொகை அறிவிப்பு வந்தது. அந்த மொழி பேசுகிற நாட்டில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போய்ப் படிக்கலாம். போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் செலவு. எடுக்கப்போவது இரண்டே பிள்ளைகளை. எழுத்துத் தேர்வில் பாப்பா தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இது கை நழுவினால், எங்கள் வசதிக்கு அந்த நாட்டைப் பாடப் புத்தகத்து வரைபடத்தில்தான் பார்க்க முடியும். அன்றைக்கு நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "எனக்குப் போகணும்மா" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் எதையும் வேண்டும் என்று என்னிடம் கேட்டதில்லை. ஈரத் துணியோடு அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான், என்கொயரி களத்தில் இறங்கிவிட்டார்.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்துப் போடுவார். அவர் நடுவில், தேர்வுக்குழுத் தலைவர். அவருக்கு வலதுபக்கம் என் தம்பி. அவன் ஏ.சி. மெக்கானிக். ஒரு வேலையும் இல்லாத சாயங்காலங்களில் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். அவனுக்கு 'சிரிக்காத ஆள்' வேஷம். எதிரில் ஸ்டூலில் பாப்பா. இதற்காகச் சட்டைக்கு இஸ்திரி வேறு.

"உன் பலம் என்னன்னு நீ நினைக்கிற?" என்று தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்.

"நான் மத்தவங்க சொல்றத பொறுமையா கேட்பேன். எங்க வகுப்புல ஒரு தடவை..."

"ஆங்! அங்க நிறுத்து. அங்கதான் நீ எப்படிச் சொல்லணும்னா..." என்று எழுந்தே விடுவார். கையை ஆட்டிக்கொண்டு, நடந்துகொண்டு, உலகப் பண்பாடு, மனித நேயம், எல்லைகளைக் கடந்த நட்பு என்று அவர் சொற்பொழிவு போகும். பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடி பக்கத்திலிருக்கும் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பாள். சட்டைப் பித்தானைத் திருகுவாள். அவர் முடித்ததும் அடுத்த கேள்வி. மறுபடி இரண்டு வரி. மறுபடி "ஆங்!"

"மாமா, நான் சிரிக்காத ஆளுதான். ஆனா அழற ஆளு இல்ல. என்னைய விட்ருங்க" என்று தம்பி கும்பிடு போடுவான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏங்க, இண்டர்வியூ அவளுக்கா உங்களுக்கா? அவ ஒரு பதிலையாவது முழுசா சொல்லி நான் கேட்டதில்ல."

"நான் எடுத்துக் குடுக்கறேன்டி. அவ பிடிச்சுக்குவா. நிஜமான இண்டர்வியூல நான் வாயத் திறப்பேனா?"

"நீங்களா? வாயத் திறக்காமலா? தைச்சு அனுப்பினாத்தான் உண்டு. மிஷின் என்கிட்டதான் இருக்கு."

"சத்தியமா திறக்க மாட்டேன்" என்றார். தம்பி வாய்விட்டுச் சிரித்து, சிரிக்காத ஆள் பதவியை இழந்தான்.

ஒருநாள் தம்பி போன பிறகு, மேசையைத் திரும்பவும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு இந்த வேலை எங்கப்பா இறந்ததுக்கு அப்புறம் அவருக்குப் பதிலா குடுத்தது. யாரும் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு, நீ யாரு, உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. அதான், பாப்பாகிட்ட கேக்கறாங்கன்னு நினைச்சாலே எனக்குப் பரபரன்னு இருக்கு." அதைக் கேட்டதும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் சாயங்காலம் அவர் "ஆங்!" என்றதும் பழையபடி ஏறிக்கொண்டது.

தேர்வு நாள் வந்தது. பழைய அலுவலகக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நடைவழியில் நீளமாக நாற்காலிகள். பிள்ளைகளைவிடப் பெற்றோர் முகத்தில்தான் பீதி அதிகம். வாசலில் இருந்த அலுவலக உதவியாளர் எங்களிடம் சொன்னார்: "அம்மா அப்பா ரெண்டு பேரும் உள்ள பின்னாடி பெஞ்சுல உட்காரலாம். பிள்ளை முடிச்சதும் உங்ககிட்டயும் கேள்வி கேப்பாங்க. ஆனா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா பிள்ளைக்குத்தான் நஷ்டம். போன வருஷம் ஒருத்தர் 'கரெக்ட்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, அதோட போச்சு."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி தொங்கவிட்ட ஒரு அம்மா, அவர்தான் தலைவர். ஒரு பக்கம் அந்த மொழி கற்பிக்கும் பேராசிரியர். இன்னொரு பக்கம் முன்பு ஒரு வருஷம் இதே உதவித்தொகையில் போய்வந்த இளைஞர். ஜன்னலில் திரைச்சீலையின் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியது. பதற்றத்தில் என் கண் அதிலேயே போய் நின்றது. பாப்பா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் பெஞ்சில்.

"உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார் நடு அம்மா.

"நான் பதினொண்ணாவது படிக்கிறேன். சின்ன வயசுல இருந்தே மொழிகள்ல எனக்கு ஆர்வம்" என்றாள் பாப்பா. நிறுத்தினாள்.

அவர்கள் காத்திருந்தார்கள். "ம், அப்புறம்?" என்றார் அந்த அம்மா. பாப்பா லேசாகச் சிரித்தாள்.

"சரி, உன்னோட பலம் என்னன்னு நினைக்கிற?"

"நான் மத்தவங்க சொல்றத பொறுமையா கேட்பேன். எங்க வகுப்புல ஒரு தடவை ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்துச்சு." மறுபடியும் நிறுத்தம். மேசை மேலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

அடிப்பாவி, சண்டை வந்ததா, வந்து என்ன ஆச்சு, சொல்லித் தொலையேன்! பேராசிரியர் தாளில் ஏதோ எழுதினார். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் பயமே இல்லை. முதுகை நிமிர்த்தி, சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்திருந்தாள். இப்படி உட்கார்ந்திருப்பதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மூன்றாவது கேள்விக்கும் அதே கதைதான். இரண்டு வரி, நிறுத்தம், ஒரு வாய் தண்ணீர். நடு அம்மா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். இளைஞர் பாவப்பட்டு அவளைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குள் ஒரு குரல்.

அப்போது பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பாப்பா நிறுத்திய இடத்திலிருந்து மீதியை அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் பாப்பாவின் கையிலிருந்த டம்ளர் மேல் போய் நின்றது. உதடு அசைவது நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிப்போனது போல ஆகிவிட்டார்.

எழுந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது. யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மகள் சரியாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போகிற நேரமா இது? இத்தனை நாள் கூத்தடித்துவிட்டு, பிள்ளை தடுமாறும்போது கழற்றிவிட்டுப் போகிறாரே இந்த மனுஷர்! வீட்டுக்குப் போகட்டும், இன்றைக்கு இருக்கிறது அவருக்கு என்று பல்லைக் கடித்தேன். பேராசிரியர் புருவத்தை உயர்த்திக் கதவைப் பார்த்தார். பாப்பாவும் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க பாரும்மா" என்றார் நடு அம்மா. "எத்தனையோ மொழி இருக்கு. நீ ஏன் இந்த மொழியப் படிக்க வந்த?"

"இந்த மொழியோட இலக்கியமும் பண்பாடும் ரொம்பப் பழமையானது. அது மூலமா உலகத்தப் புரிஞ்சுக்கணும்னு ஆசை" என்று ஒப்பித்தாள் பாப்பா. நிறுத்தினாள். டம்ளரை எடுத்தாள். அது காலி. மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு என்ன தெரியும் சொல்ல? கையை விரித்தேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அது இல்லைங்க" என்றாள். "அது அப்பா சொல்லிக் குடுத்தது. நிஜமான காரணம் வேற."

"சொல்லு."

"எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல விசாரணை ஜன்னல்ல இருக்கார். சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கதான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மா வர லேட்டாகும். அப்பா யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். பாதியிலேயே பதில் சொல்லிடுவார். ஒருநாள் முதுகுல பெரிய பையோட ஒரு வெளிநாட்டு அம்மா வந்தாங்க. இந்த மொழியில பேசினாங்க. அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்பா ஜன்னல்கிட்ட முகத்தக் கொண்டு போய், கையக் கட்டிக்கிட்டு, அவங்க முடிக்கிற வரைக்கும் கேட்டார். முடிச்சதும் இன்னொரு தடவை சொல்லுங்கன்னு விரலால காமிச்சார். அவங்க மறுபடி சொன்னாங்க. மறுபடியும் முழுசாக் கேட்டார். கடைசியில வெளிய இறங்கி வந்து, அவங்க பையத் தூக்கிக்கிட்டு, ஒவ்வொரு வண்டியாக் காட்டிக் காட்டி, சரியான வண்டியில ஏத்திவிட்டார்." மூச்சு வாங்கினாள். நிறுத்தவில்லை. "அப்பா அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. அன்னைக்கு அப்பா முகம் ரொம்ப அழகா இருந்துச்சு. அந்த பாஷை என்னன்னு தேடிக் கண்டுபிடிச்சேன். எனக்கும் அந்த மாதிரி ஒரு எடத்துக்குப் போகணும். ஒண்ணும் தெரியாம, ஒவ்வொருத்தர் பேசறதையும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாத்தான் புரியும்கிற எடத்துக்கு. நான் பேசறப்பவும் அவங்க அப்படித்தானே கேக்கணும்? தப்புத் தப்பாப் பேசினாலும், நான் முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்கல்ல?"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சத்தம் வந்தால் பிள்ளைக்கு நஷ்டம்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் பாப்பாவின் பதில்கள் நீளமாக இருந்தன. நடுநடுவே தடுக்கியது, திரும்ப எழுந்து நடந்தது. வகுப்புச் சண்டைக் கதையைத்தான் சொன்னாள் போலிருக்கிறது, கடைசியில் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்பாவக் கூப்பிடுங்க" என்றார் நடு அம்மா. நான்தான் போய்க் கூப்பிட்டேன். நடைவழியில் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கேயும் அவரைச் சுற்றிக் கூட்டம். யாரோ ஒருவரிடம் "பாத்ரூம் அந்தக் கோடியில, தாழ்ப்பாள் சரியா விழாது, கையால பிடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது. கண் சிவந்திருந்தது.

"முடிச்சாளா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் எங்கே பார்த்தேன் என்று. எங்கள் வீட்டு ஸ்டூலில். தினமும். கடித்து வைத்திருந்த பல் தானாகத் தளர்ந்தது.

உள்ளே நடு அம்மா அவரை உட்காரச் சொன்னார். "பாதியில எழுந்து போயிட்டீங்களே. உங்களுக்கு ஏதாவது அவசரமா, இல்ல..."

என் வீட்டுக்காரர் வாய் திறந்தது. வாய் மூடிக்கொண்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"...இல்ல, உங்க மக சொன்னது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டு முடித்தார்.

"அவ நான் பேசுவேன்னு காத்துக்கிட்டு இருந்தா" என்றார். "வீட்டுல அவ ரெண்டு வரி சொன்னா மீதிய நான்தான் சொல்லுவேன். அதே மாதிரி இங்கயும் எனக்கு இடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கா. நான் அந்த பெஞ்சுல இருக்கற வரைக்கும் அவ முடிக்க மாட்டா. அதான் போயிட்டேன்."

"பத்து மாசம் பிரிஞ்சிருக்கணும். இருந்துருவீங்களா?"

"இருக்க முடியாதுங்க" என்றார் உடனே. "ஆனா அவ பேசி முடிக்கட்டும். அனுப்பறேன்."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். இளைஞர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏன் அந்த மொழின்னு கேட்டிருப்பாங்களே? என்ன சொன்ன பாப்பா?" அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள். "அப்புறம் சொல்றேன்பா." அவருக்கு இருப்புக் கொள்ளுமா? என்னைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அது என்னுடைய பதில் இல்லையே. "பண்பாடுன்னுதானே சொன்னா? இல்லையா? அப்ப வேலைவாய்ப்பு? அதுவும் இல்லையா?" என்று நாள் கணக்கில் ஊகித்துக்கொண்டே இருந்தார். பெட்டியைப் பார்த்து ஊரைச் சொல்கிறவருக்கு இது மட்டும் சிக்கவே இல்லை. தம்பிக்கு ஒரே கொண்டாட்டம். "என்கொயரிக்கே என்கொயரியா மாமா!" என்று ஓட்டித் தீர்த்தான்.

பாப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். மிஷினில் பாதி மடிப்பில் ஊசியை விட்டுவிட்டு எழுந்து நின்று அழுதேன். மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விமான நிலையத்தில் பாப்பா "போயிட்டு வரேன்பா, நீங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கட்டிக்கொண்டாள், போய்விட்டாள்.

வீடு வெறிச்சென்று ஆனது. அவர் ஜன்னலிலும் ஏதோ மாறிவிட்டதாக டிரைவர்கள் சொல்கிறார்கள். ஆள் வந்து "சார், இந்த..." என்றால் சில சமயம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஜனங்களுக்கு வண்டி தவறாமல் இருந்தால் சரி. எனக்கும் ஒருநாள் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. ஆனால் மேனேஜர் பாராட்டிய அந்தப் பழைய கதையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்கிறேன்.

பாப்பா போய் ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். குளிர், பள்ளிக்கூடம், அந்த வீட்டு நாய், எல்லாம் சொன்னாள். குரல் கொஞ்சம் உரத்திருந்தது. பிறகு, "அப்பாகிட்ட குடும்மா. அன்னைக்கு என்ன சொன்னேன்னு இப்ப சொல்றேன்" என்றாள்.

போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவள் ஆரம்பித்தாள். விசாரணை ஜன்னல், வீட்டுப்பாடம், முதுகில் பெரிய பையோடு வந்த அம்மா. எனக்கும் அங்கங்கே காதில் விழுந்தது. அவர் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை. இன்னொரு கையை மார்போடு கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். கண்ணீர் மோவாய்வரை வந்து நின்றது. துடைக்கவில்லை.

இந்தப் பக்கம் சத்தமே வராததால் அவள் நிறுத்தினாள். "அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றார். "நீ சொல்லி முடி."